வாசலில் போட்ட மேசை

கடலூரில் கால் வைத்த உடனேயே ஒரு சண்டை போட்டேன். பேருந்தின் நெற்றியில் கடலூர் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நடத்துனர் என்னைப் புறவழிச் சாலையில், ஓர் இளநீர் வண்டிக்குப் பக்கத்தில், பெட்டியோடு இறக்கிவிட்டார். "ஊருக்குள்ள போவாதும்மா, ஷேர் ஆட்டோ வரும், ஏறிக்க" என்றார். "கடலூர்னு எழுதிப் போட்டுட்டு கடலூருக்குள்ள போகாதுன்னா அப்புறம் எதுக்குங்க அந்த போர்டு?" என்று கேட்டேன். "நீ எந்த ஊரும்மா?" என்றார். கோயம்புத்தூர் என்றேன். "அதான் வாங்க போங்கன்னே சண்ட புடிக்கிற" என்று சிரித்துக்கொண்டே விசில் அடித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பெட்டியை இழுத்துக்கொண்டு வெயிலில் நடந்தபோது சிரிப்பு போய்விட்டது.

நான் ஓய்வுபெற்ற செவிலி. வேலை பார்த்த காலத்தில் பாதிக்கு மேல் புற்றுநோய்ப் பிரிவில் கழிந்தது. சென்னையில் இருக்கும் ஒரு தொண்டு நிறுவனம், கடலூர் மாவட்டத்தில் சிறுபான்மைப் பெண்களுக்காக மார்பகப் பரிசோதனை முகாம்கள் நடத்துகிறது. முகாமுக்குக் கூட்டம் வருகிறது, பரிசோதனைக்கு மட்டும் ஒருத்தரும் வருவதில்லை, நீங்கள் வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று கூப்பிட்டார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்து மருமகளின் சமையலைக் குறை சொல்வதற்கு இது மேல் என்று கிளம்பிவிட்டேன். மருமகளும் சந்தோஷமாக வழியனுப்பினாள்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு ஓட்டல் கூடத்தில் கூட்டம். ஏசி குளிர் எலும்பைக் குத்தியது. திட்ட மேலாளர் நிரஞ்சன், என் பையன் வயது இருக்கும், நல்ல பிள்ளை, சுறுசுறுப்பு. ஆனால் அவன் வாயில் இரண்டே வார்த்தைகள்தான். ஒன்று 'கம்யூனிட்டி பார்ட்னர்', இன்னொன்று 'விழிப்புணர்வு'. கிராமத்துக்குள் நாம் போய் நின்றால் வரமாட்டார்கள், அந்தச் சமூகத்தின் ஆட்களையே பங்காளர்களாகச் சேர்த்துக்கொண்டால் வருவார்கள். இதுதான் திட்டம். கேட்கச் சரியாகத்தான் இருந்தது. அப்படியும் ஏன் வரவில்லை என்று கேட்டேன். "விழிப்புணர்வு பத்தல மேடம். அப்புறம், உங்களுக்கே தெரியும், அவங்க மதக் கட்டுப்பாடு" என்றான். எனக்குத் தெரியாதே அப்பா என்றேன். அவன் திரையில் அடுத்த படத்துக்குப் போய்விட்டான்.

கூடத்தைச் சுற்றிப் பார்த்தேன். சிறுபான்மைப் பெண்களின் உடம்பைப் பற்றிக் காலையில் இருந்து பேசுகிறோம், அந்தச் சிறுபான்மையில் இருந்து ஒரு பெண்கூட அங்கே இல்லை. ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டதற்கு, "அவங்களுக்கு இங்க வந்து போறது சிரமம் மேடம்" என்றான். கோயம்புத்தூரில் இருந்து நான் வந்துவிட்டேன், இங்கே பக்கத்தில் இருக்கிறவர்களுக்குச் சிரமமாம்!

மதியச் சாப்பாடு வந்தது. கடல் ஊரில் எனக்குப் பன்னீர் மசாலாவும் ஃப்ரைடு ரைஸும் போட்டார்கள். இந்தக் கொடுமையை யாரிடம் சொல்வது? சாயங்காலம் கூட்டம் முடிந்ததும் ஒருவரிடமும் சொல்லாமல் ஆட்டோ பிடித்துத் தேவனாம்பட்டினம் போய்விட்டேன். கடற்கரையில் ஒரு அம்மா சட்டி வைத்து மீன் வறுத்துக்கொண்டிருந்தார். சங்கரா மீன், மேலே மிளகாய் மசாலா முறுகிப் போயிருந்தது. எங்கள் ஊரில் மீன் என்று விற்பதெல்லாம் ஐஸ் பெட்டியில் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த மீன். இது காலையில் கடலில் இருந்த மீன். கை சுடச்சுடத் தின்றேன்.

"இன்னாமா, ஊருக்குப் புதுசா?" என்றார் அந்த அம்மா. எதற்கு வந்தேன் என்று சொன்னேன். "எங்க கரைக்கும் டாக்டரு வண்டி வருதும்மா. படகு கரைக்கு வர்ற நேரமா பாத்து வரும். நாங்க ஏலத்துக்கு ஓடுவமா, கைய நீட்டிக்கினு பிரஷர் பாப்பமா?" என்றார். எந்த நேரம் தோதுப்படும் என்று உங்களைக் கேட்கவில்லையா என்றேன். "எவன் கேக்குறான்? வருவாங்க, நிப்பாங்க, யாருமே வரலன்னு எழுதிக்கினு பூடுவாங்க. இன்னொரு மீன் வைக்கட்டா?" வைக்கச் சொன்னேன். கோபம் வந்தால் எனக்குப் பசி ஜாஸ்தியாகும்.

மறுநாள் முகாம். சிதம்பரத்தில் இருந்து கடல் பக்கம் பிரிந்து போகும் சாலையில் இருக்கிற ஓர் ஊர். பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். காரணம் படிக்கப் படிக்கத் தெரியும். நிறுவனத்து வேனில் கிளம்பினோம். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஓட்டுநர் வண்டியை அணைத்தார். ரயில் போனது, கேட் திறந்தது, வண்டி மட்டும் கிளம்ப மாட்டேன் என்றது. பின்னால் நின்ற பேருந்து, டிராக்டர், மீன் வண்டி எல்லாம் ஒரே ஹாரன். டிராக்டரில் இருந்தவர் இறங்கி வந்து, "சிஸ்டர், நீங்க எறங்கிக்கிங்க, தள்ளிடலாம்" என்றார். நான் இறங்கி நானும் ஒரு கை கொடுத்தேன். நிரஞ்சன் நாங்கள் தள்ளுவதைப் படம் பிடித்தான். சமூகப் பங்கேற்புக்கு நல்ல படமாம். அடப்பாவி என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

முகாம் ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்த ஊர் ஜமாஅத்துக்காரர்கள் பள்ளிக்கூடக் கட்டடத்தைக் கூட்டிக் கழுவி, மின்விசிறி, நாற்காலி, தண்ணீர் கேன் எல்லாம் வைத்திருந்தார்கள். அன்றைக்கு ஆம்பிளைகள் யாரும் அந்தத் தெருப் பக்கமே வரக்கூடாது என்று அவர்களாகவே சொல்லிவைத்திருந்தார்கள். உள்ளே பெண் மருத்துவர், பெண் செவிலிகள், பச்சைத் துணியில் தடுப்புத் திரை. மதக் கட்டுப்பாடு என்று நேற்று சொன்னானே, அதை இந்தக் கட்டடத்தில் தேடித் தேடிப் பார்த்தேன், எனக்குக் கிடைக்கவில்லை.

பெண்கள் வந்தார்கள். நிறையப் பேர் வந்தார்கள். சர்க்கரை பார்த்தார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்கள், டீ குடித்தார்கள், எனக்கும் வாங்கிக் கொடுத்தார்கள். பேச்சும் சிரிப்புமாகக் கல்யாண வீடு மாதிரி இருந்தது. பச்சைத் திரைக்குப் பின்னால் மட்டும் ஒருத்தரும் போகவில்லை. மருத்துவர் உள்ளே தனியாக உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். வருகிறவர்களின் பெயரையும் என்ன தொந்தரவு என்பதையும் எழுதிக்கொள்ளும் மேசை. அங்கே ஜமீலா உட்கார்ந்திருந்தார். நிறுவனத்தின் பங்காளர் அவர்தான். ஐம்பது தாண்டிய பெண்மணி, வாய் நிறையச் சிரிப்பு, தெருக்கோடி வரை கேட்கிற குரல். அவர் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டதால்தான் இவ்வளவு கூட்டம். எனக்கு அவரைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. "வாங்க சிஸ்டர், பசியாறிட்டீங்களா?" என்று கேட்டு, பதில் வரும் முன்பே ஒரு தட்டு வாடாவைக் கையில் கொடுத்தார். மேலே இறால் ஒட்டவைத்துப் பொரித்த வடை. கோயம்புத்தூரில் கிடைக்காத சாமான்.

வாடாவைத் தின்றுகொண்டு மேசைக்குப் பக்கத்திலேயே நின்றேன். ஒவ்வொருத்தரையும் ஜமீலா உரிமையோடு கேட்டார். "வாம்மா, ஒனக்கு இன்னா பண்ணுது? மேலுக்கு முடியலியா? எங்க வலி?" வந்தவள் உடனே சொல்வாள், "ஒண்ணுமில்ல மாமி, சும்மா சுகர் பாத்துட்டுப் போலாம்னு." அடுத்தவள் வருவாள். "ஒண்ணுமில்ல மச்சி, பிரஷர்தான்." அதற்கு அடுத்தவளும் அதே. ஒரு பெண் திரையைப் பார்த்தாள், ஜமீலாவைப் பார்த்தாள், டீ குடிக்கப் போய்விட்டாள். என் மனசுக்குள் ஏதோ இடறியது. ஆனாலும் பிடிபடவில்லை.

மதியம் எங்களை ஆளுக்கொரு வீட்டில் சாப்பிட அனுப்பினார்கள். எனக்குப் பௌசியாவின் வீடு வந்தது. கணவர் குவைத்தில் இருக்கிறார். ஒரே மகள் சிதம்பரத்தில் கல்லூரியில் படிக்கிறாள். பௌசியா இறால் ஆணம் வைத்திருந்தார். குழம்பை அவர்கள் ஆணம் என்கிறார்கள். தேங்காய்ப்பால் ஊற்றி, மாங்காய் போட்டு. வெட்கத்தை விட்டு மூன்றாம் முறையும் சோறு வாங்கினேன். அவர் எனக்குப் பரிமாறிக்கொண்டே இருந்தார், தான் சாப்பிடவே இல்லை.

கை கழுவப் பின்கட்டுக்குப் போனபோது கூடவே வந்து, துண்டைக் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்தினார்.

"சிஸ்டர், நீங்க வெளியூர்தானே?"

"ஆமாங்க, கோயம்புத்தூர்."

"திரும்ப இந்த ஊருக்கு வரமாட்டீங்கள்ல?"

இப்படி ஒரு கேள்வியை என் ஆயுளில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஏன் வரக்கூடாதா என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துத் தன் இடது மார்பில் வைத்தார். தட்டுப்பட்டது. நெல்லிக்காய் அளவு இருக்கும். இத்தனை வருஷப் பழக்கத்தில் முகத்தை மாற்றாமல் வைத்துக்கொள்ள எனக்குத் தெரியும். இது சாதாரணக் கட்டியாகவும் இருக்கலாம், அதுவாகவும் இருக்கலாம். கையால் தொட்டுச் சொல்ல நான் யார்?

"எத்தனை நாளா இருக்குங்க?"

"ரெண்டு மாசமா. குவைத்துலேந்து அவுங்க தினமும் போன்ல சத்தம் போடறாங்க, போய்க் காட்டு, காட்டுன்னு. எந்த டாக்டரா இருந்தா என்னா, ஒடம்புதான் முக்கியம்னு."

"அப்புறம் என்னங்க? அந்தத் திரைக்குப் பின்னாடி டாக்டரம்மா காலைல இருந்து ஈ ஓட்டிட்டு இருக்காங்க. ஒரு எட்டு போயிருக்கலாமே?"

பௌசியா என்னை ஒரு பச்சைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "வாசல்ல ஜமீலா மாமி உக்காந்திருக்காங்களே, சிஸ்டர்."

பிறகு அவர் சொன்னதுதான் விஷயம். அந்த ஊரில் வெளியே பெண் கொடுப்பதும் இல்லை, வெளியில் இருந்து எடுப்பதும் இல்லை. எல்லாக் கல்யாணமும் உள்ளூருக்குள்தான். "இந்தத் தெருவுல யாரத் தொட்டாலும் எனக்கு மாமியா இருப்பாங்க, இல்லாட்டி மச்சியா இருப்பாங்க. எம்மவளுக்குப் பேசிக்கிட்டிருக்கறது ஜமீலா மாமியோட பையன. துபாய்ல நல்ல வேலை, தங்கமான புள்ள, எம்மவளுக்கும் புடிச்சிருக்கு. நான் அந்த மேசையில போயி மாமிகிட்ட, எனக்கு மார்ல கட்டின்னு சொல்லச் சொல்றீங்களா? உம்மாவுக்கு வந்தது மவளுக்கும் வரும்னு ஊரே பேசும். பேச்சு அன்னிக்கே முறிஞ்சிரும்."

நான் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். காலையில் இடறியது இதுதான். சொந்த ஊர்க்காரி இருந்தால் பெண்கள் கூச்சமில்லாமல் பேசுவார்கள் என்று குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். இந்த ஊரில் சொந்த ஊர்க்காரி என்றால் அவள் யாருக்கோ வரப்போகிற மாமியார். உடம்பில் இருக்கிற கோளாறை முன்பின் தெரியாத என்னிடம் சொல்வார்கள், அவளிடம் மட்டும் சொல்ல மாட்டார்கள். பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார்கள். கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

கோயம்புத்தூரில் மட்டும் என்ன வாழ்கிறது? பக்கத்து வீட்டுக்காரி வேலை பார்க்கிற ஆய்வகத்தில் நானே ரத்தம் கொடுக்க மாட்டேன். பஸ் ஏறி வேறு இடம் போவேன். எனக்கு இருக்கிற அதே கூச்சம் இவர்களுக்கு இருந்தால் அதற்குப் பெயர் மதக் கட்டுப்பாடாம். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

தெரு முக்கில் வேனோடு நின்றிருந்த நிரஞ்சனிடம் நேராகப் போனேன். பௌசியாவின் பெயரைச் சொல்ல முடியாது. "தம்பி, அந்த மேசைய எடுத்துடுங்க. இல்லீன்னா ஊர்பேர் தெரியாத ஒரு பொண்ண அங்க உக்கார வைங்க. ஜமீலா கூப்பிட்டுட்டு வரட்டும், அதோட அவங்க வேலை முடிஞ்சுது. தொந்தரவு என்னன்னு கேக்கறதும் எழுதறதும் அவங்க வேண்டாம்" என்றேன்.

"மேடம், அவங்கதான் நம்ம கம்யூனிட்டி பார்ட்னர். அவங்கள எப்படி எடுக்க முடியும்? நிதி கொடுக்கறவங்களுக்கு போட்டோவெல்லாம் அனுப்பியாச்சு."

"போட்டோவுக்காகவா முகாம் நடத்தறீங்க?"

"இல்ல மேடம், டிரஸ்ட் பில்டிங். நம்ம மேல நம்பிக்கை வர டைம் ஆகும். விழிப்புணர்வு வர வர..."

"விழிப்புணர்வு அவங்களுக்கு நெறையவே இருக்குது. கட்டி இருந்தா என்னாகும்னு தெரிஞ்சுதான் ராத்திரி தூங்காம கெடக்கறாங்க. உங்களுக்குத்தான் ஒரு மண்ணும் தெரியல!" தெருவே கேட்கிற மாதிரி கத்திவிட்டேன். ஜமீலாவுக்கே கேட்டிருக்கும். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நிரஞ்சன் முகம் சிவந்து, "மேடம் கொஞ்சம் டயர்டா இருக்காங்க" என்று எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னான். அந்தத் தண்ணீரையும் குடித்தேன். உப்புக் கரித்தது. சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவளுக்கு அது வேறு ஒரு கோபம்.

மூன்றாம் நாள் நான் ஊருக்குத் திரும்பியிருக்க வேண்டும். சிதம்பரத்திலேயே தங்கிவிட்டேன். காலையில் கீழவீதியில் ஒரு கடையில் இட்லிக்குக் கொத்சு ஊற்றினார்கள். கத்தரிக்காயைச் சுட்டு மசித்து, புளி விட்டு, நல்லெண்ணெய் மிதக்க. சட்னிக்குச் சொத்து எழுதிவைக்கிற ஊர்க்காரி நான், இதற்கு மரியாதை கொடுத்துத்தான் ஆகவேண்டும். ஆனால் பாதிக்கு மேல் இறங்கவில்லை. மருத்துவமனைக்குக் கூட்டிப் போகிறேன், பேருந்து நிலையத்துக்கு வாருங்கள் என்று முதல்நாளே பௌசியாவிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தேன், வருவாரா மாட்டாரா என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

வந்தார். பேருந்து நிலையத்தில், முகத்தை மூடிய கறுப்பு புர்காவில், தொலைவிலேயே கையை ஆட்டினார். மகளுக்குத் துணி எடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். காலில் புத்தம்புதுச் செருப்பு, அது கடித்து நொண்டிக்கொண்டிருந்தார். எதற்கு இந்த நேரத்தில் புதுச் செருப்பு என்றேன். "மூஞ்ச மூடிட்டா அடையாளம் தெரியாதுன்னு நீங்கதான் நெனப்பீங்க. எங்க ஊர்க்காரங்க செருப்பப் பாத்தே இன்னாரு வீட்டுப் பொண்ணுன்னு சொல்லிடுவாங்க" என்றார். பயத்திலும் இருவரும் சிரித்தோம்.

ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தால் ஆள் நிரம்பாமல் எடுக்க மாட்டேன் என்றார் ஓட்டுநர். அண்ணாமலை நகர் போகிற மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து, ஒருவர் மடியில் இன்னொருவர் பை வைத்து, மூச்சு முட்டியபின் கிளம்பியது. முக்கில் சக்கரம் பள்ளத்தில் இறங்கி, எல்லோரும் இறங்கித் தூக்க வேண்டியதாயிற்று. இந்தப் பயணம் முழுக்க நான் வண்டி தள்ளுவதற்கென்றே வந்தவள் போலிருந்தது. பௌசியா என் முந்தானையைப் பிடித்த பிடியை விடவே இல்லை.

மருத்துவமனையின் பெயரும் வேண்டாம். நல்ல இடம். மார்பகப் பிரிவின் முன்னால் நீளமான தாழ்வாரம், வரிசையாகப் பெஞ்சுகள். பெயர் பதிந்துவிட்டு உட்கார்ந்தோம். எனக்குப் பழகிய வாடை, பழகிய முகங்கள். எல்லாப் பெண்களும் மடியில் ஒரு பையை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அங்கேயும் அப்படித்தான்.

கதவு திறந்தது. செவிலி எட்டிப் பார்த்துக் கூப்பிட்டாள். "ஜமீலா! ஜமீலா யாரும்மா?"

எங்களுக்கு முன் வரிசையில் ஒரு புர்கா எழுந்தது. "நாந்தாம்மா" என்றது. நேற்று ஊரையே எழுப்பிய அந்தக் குரல் பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

பௌசியாவின் நகம் என் கையில் பதிந்தது. "மாமி" என்றார். உதடு மட்டும்தான் அசைந்தது. அடுத்த நிமிஷம் எழுந்துவிட்டார். "வாங்க சிஸ்டர், போயிடலாம். என்னய வேவு பாக்க வந்திருக்காங்க. நான் இன்னொரு நாள் வர்றேன்."

நான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். கொஞ்சம் பலமாகத்தான் இழுத்தேன். இன்னொரு நாள், இன்னொரு நாள் என்று தள்ளிப்போட்டவர்கள் கடைசியில் என் வார்டுக்கு எப்படி வந்து சேர்வார்கள் என்று எனக்குத் தெரியும். "கண்ணு, இந்த வரிசைல வேவு பாக்கறதுக்குன்னு யாரும் வந்து உக்கார மாட்டாங்க. அவங்க எதுக்கு வந்திருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க" என்றேன்.

பௌசியா கதவையே பார்த்தார். பிறகு முகத்திரையைத் தூக்கி மேலே போட்டுக்கொண்டார். "யா அல்லாஹ், மாமிக்கா?"

ஜமீலா வெளியே வர நேரமானது. வந்தவர் எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றார். பிறகு வந்து பௌசியாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"எப்பலேந்து?" என்றார் ஜமீலா.

"ரெண்டு மாசமா. நீங்க மாமி?"

"போன வருஷ நோன்புக்கும் முன்னாடிலேந்து."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு வருஷத்துக்கும் மேல்! இந்த ஒரு வருஷமும் அவர் அந்த மேசையில் உட்கார்ந்து, வீடு வீடாகத் துண்டறிக்கை கொடுத்து, கட்டி இருந்தால் உடனே காட்டுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

"மாமி, நீங்க அங்கயேதானே இருந்தீங்க. டாக்டரு பத்தடி தூரத்துல இருந்தாங்களே. உள்ள போயிருக்கலாமே" என்றார் பௌசியா.

"எப்படிம்மா போவேன்? நீங்கள்லாம் சுத்தி நின்னுகிட்டிருக்கீங்க. ஒம்மவள எம்புள்ளைக்குக் கேட்டிருக்கேன். சீக்காளி மாமியாரு வீட்டுக்கு எம்பொண்ணக் குடுக்க மாட்டேன்னு நீ சொல்லிட்டீன்னா? எங்க வீட்டுக்காரரு மூணாவது மாசமே கேட்டாரு, ஏன் எளைச்சுப் போயிட்டேன்னு. நிச்சயம் முடியட்டும், முடியட்டும்னே இருந்துட்டேன். இன்னிக்குத் துணி எடுக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"நானும் துணி எடுக்கத்தான் வந்தேன்" என்றார் பௌசியா.

நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டேன். எனக்கு யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது. அப்பா நிரஞ்சன், நல்லவனே, நீ அறிக்கை எழுதுவாய். கூட்டம் வந்தது, பங்காளர் ஒத்துழைத்தார், பரிசோதனைக்கு யாரும் முன்வரவில்லை, விழிப்புணர்வு போதாது என்று எழுதுவாய். அந்த மேசையை வாசலில் போட்டது யார்? அதில் ஒரு பெண்ணை உட்காரவைத்து, அவள் உடம்பில் என்ன இருக்கிறது என்று ஒருநாள்கூடக் கேட்காமல், ஊர்க்காரர்கள் உடம்பில் என்ன என்று அவளை விட்டுக் கேட்கவைத்தது யார்? ஒருத்திக்குப் பயந்து ஊரே திரைக்குப் பின்னால் போகவில்லை, ஊருக்குப் பயந்து அந்த ஒருத்தியும் போகவில்லை. பங்காளர் என்று பெயர் வைத்துவிட்டால் அவருக்கு மார்பு இல்லை, பயம் இல்லை, பிள்ளை இல்லை என்று ஆகிவிடுமா?

பௌசியாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். மருத்துவர் இளம்பெண், கை பதமானது. ஸ்கேன் பார்த்துவிட்டு, நீர்க்கட்டி போலத்தான் தெரிகிறது, ஊசி வைத்து நீரை எடுத்து ஒருமுறை உறுதி செய்துகொள்வோம், பயப்படாதீர்கள் என்றார். பௌசியா அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல வாயெடுத்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். வெளியே ஜமீலா உட்கார்ந்திருந்தது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

வெளியே வந்தோம். செவிலி ஜமீலாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். இன்றே சில சோதனைகள் எடுக்க வேண்டும், தள்ளிப்போட முடியாது, படுக்கையில் சேரவேண்டும், வீட்டு ஆள் ஒருவர் கூட இருந்தால்தான் முடியும். ஜமீலா தலையைக் குனிந்துகொண்டு, "நாளைக்கு வர்றேனேம்மா. வீட்டுல யாருக்கும் தெரியாது. அவருகிட்ட சொன்னா புள்ளைக்குப் போன் போட்டுருவாரு, அவன் வேலைய உட்டுட்டு ஓடியாந்துருவான்" என்றார். நாளைக்கு என்று அவர் சொன்னதும் எனக்குப் பகீரென்றது. நான் இருக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

பௌசியா என்னைத் தாண்டிக்கொண்டு முன்னால் போய்விட்டார். "நான் இருக்கேன். எழுதிக்கிங்க."

"நீங்க பேஷண்டுக்கு என்ன வேணும்?" என்றாள் செவிலி.

"சம்பந்தி."

ஜமீலா நிமிர்ந்து பார்த்தார். "இன்னும் ஒண்ணும் பேசி முடிக்கலியே, பௌசியா."

"முடிஞ்சிருச்சு மாமி. உங்க புள்ளைக்குத்தான் எம்பொண்ணு. நீங்க உள்ள போங்க, நான் இங்கயேதான் உக்காந்திருப்பேன்."

ஜமீலா அழ ஆரம்பித்தார். அழுதுகொண்டே தாழ்வாரத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பௌசியாவின் கையைப் பிடித்து இழுத்து, "மெதுவா சொல்லுடி, நம்ம ஊர்க்காரங்க யாராவது இருந்தா கேட்டுறப் போவுது" என்றார்.

"கேக்கட்டும் மாமி" என்றார் பௌசியா. சத்தமாகத்தான் சொன்னார்.